நாயுண்ணி

இந்த மலையில் நாயுண்ணி என்றால் இரண்டு.
ஒன்று பூக்கும்,
பீலிக்கரை வேலியில், மஞ்சளும் ரோசாவும் ஒரே கொத்தில்.
மற்றது பூக்காது.
பீடியின் காதுமடலுக்குள்
சாம்பல் நிறத்தில் ஊதிக் கிடக்கும்,
அவித்த பயறு மாதிரி.

பீடி எங்கள் நாய். புகையிலை நிறம், மெலிந்த உடம்பு,
அடுப்போரம் படுத்து ஒரு பக்கம் கருகிய வால்.

மிருக வைத்தியர் எழுதிய மருந்து
அப்புத்தளைக் கடையில் ஒன்றரைப் பேர் விலை.
மற்றவர்கள் ஒன்றரை நாள் சம்பளம் என்பார்கள்.
எங்களுக்குச் செக்ரோலில் விழுவது பேர்தான்,
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
மனம் இருந்தது எனக்கு. மடியில் இல்லை.

அதனால் மானாப்புல்.
பதினோராம் நம்பர் மலைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில்
கத்தி படாமல் ஆளுயரம் நிற்கிறது.
கசக்கினால்
எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் சண்டை போட்ட வாசம்.
விரல் நீளத்துக்கு நறுக்கி
பழைய பால்மா டின்னில் மூடிபோட்டு அவித்தேன்.
தேசிக்காய்த் தோல் நாலு.
வேம்பு இந்தக் குளிருக்கு வராது;
வவுனியாவிலிருந்து கொழுந்தன் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய எண்ணெய்
வெலிமடை வரும்போதே உறைந்துவிட்டது.
வெயிலில் வைத்து இளக்கி, மூன்று சொட்டு.
சோடாப் போத்தல் மூடியில் ஊசியால் ஆறு ஓட்டை.
ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும்,
தண்ணீரும் எண்ணெயும் ஒரே லயத்தில் இருக்காது.

முதல் போத்தல் தோல்வி.
எண்ணெய் கூடிப்போய்ப் பீடியின் வயிறு சிவந்தது.
அது என்னைப் பார்த்த பார்வையை
பெரட்டுக்களத்தில்கூட நான் வாங்கியதில்லை.
இரண்டாவதை என் முழங்கை மடிப்பில் தடவி
ஒரு நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தேன்.
எரியவில்லை.
பிறகுதான் நாய்க்கு.
பூனைக்குக் கிடையாது, அது தன்னையே நக்கித் தின்னும்.

"ரத்தம் குடிக்கிறதப் பத்தி நமக்கா தெரியாது"
என்று அடுத்த காம்பரா தவராணி தொரையை உள்ளே இழுத்தாள்.
விடு, தவராணி.
உண்ணி வயிறு நிறைந்தால் தானே விழுந்துவிடும்.

தீபாவளிக்கு முதல் நாள் அவர் வந்தார்.
புறக்கோட்டை அரிசிக்கடை, ஏழு மாதத்துக்குப் பிறகு.
பீடி குரைத்தது.
"என்னடி இது, கக்கூஸ் கழுவின மாதிரி"
என் கழுத்தை மோந்து, முகத்தைத் திருப்பி,
முதுகைக் காட்டிப் படுத்தார்.
விடிந்ததும் மாட்டுக்குப் புல்லறுத்துப் போட்டுவிட்டு வந்து
தொப்புளுக்குப் பக்கத்தில் தடவித் தடவி,
"இந்த மச்சம் நேத்து இருந்துச்சா?"

மச்சத்துக்கு எட்டுக் கால்.

நெருப்பு வேண்டாம். எண்ணெய் ஊற்ற வேண்டாம்.
புருவம் பிடுங்கும் சாமணம்,
தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல், நேரே.
அவர் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எவ்வளவு கிட்டத்தில் இருந்தேன்:
மூட்டை காய்ப்பேற்றிய தோள்,
நெஞ்சில் புதிதாக ஒரு நரை.

"எங்க அந்தப் போத்தல்?"

கணுக்கால். முழங்கால் மடிப்பு.
பெல்ட் உரசும் இடம். காதுக்குப் பின்னால்.
சொல்லிச் சொல்லித் தடவினேன்.
சொல்ல இடமில்லாமல் போன பிறகும் தடவினேன்.

திங்கட்கிழமை கொழும்பு பஸ்.
சாயந்தரம் தட்டைத் துடைக்கும்போது எண்ணினேன்,
மூன்றில் இரண்டுதான் நின்றது.
புறக்கோட்டையில் மானாப்புல் இல்லை, மாடு இல்லை,
உண்ணிக்கு அங்கே என்ன வேலை?
போன் எடுத்தபோதும் நான் கேட்கவில்லை.

மருந்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.
இன்றைக்கும் இருட்டுமுன் பீடியை மல்லாத்திப் போட்டு
முன்னங்கால் விரலிடுக்கில் ஒன்று கண்டேன்.
எள்ளளவு. இன்னும் கடிக்காதது.
வாசம் பிடிக்காமல்,
போகவும் மனமில்லாமல்
நின்றுகொண்டிருந்தது.